சிரிக்கும் உரிமை

புளியங்குடியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும், பேரன் பேத்தி கண்டு நிறைவாழ்வு வாழ்ந்த பெரியவர் ஒருவர் கண்மூடினால், அதைக் கலியாணச் சாவு என்று சொல்லி, கொட்டு முழங்கப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, மாமன் மச்சான் முறையுள்ளவர்கள் அவருடைய பழைய குறும்புகளை எடுத்துரைத்துக் கேலி பேசுவதும், அழுத கண்ணோடு வீட்டாரே சிரித்துவிடுவதும் உண்டு. ஆனால் அதே தெருவில் ஒரு பாலகன் அகாலத்தில் மாண்டுபோனால், அந்த மச்சான்மாரே வாயடைத்துத் திண்ணையோரம் நிற்பார்கள்.

துக்கத்தில் ஹாஸ்யத்துக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு நம் ஜனங்கள் ஆசாரமாகவே வகுத்து வைத்த விடை இது: மாண்டவர் யார், பேசுகிறவர் யார், எந்த உறவின் உரிமையில் பேசுகிறார் என்பதே முதற்கணக்கு, எத்தனை நாள் கழிந்தது என்பது அதற்குப் பிறகுதான்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளிக்கூடமொன்றில், சமையற்கூடத்துத் தீ கூரையைப் பற்றி 94 குழந்தைகளைப் பலிகொண்டதே, அந்தப் பெற்றோரின் வேதனையை எத்தனை ஆண்டு சென்றாலும் விளையாட்டுப் பேச்சாக்குவது பாவம். அத்தகைய கூரைகளைக் கண்டும் காணாதிருந்த அலட்சியத்தைப் பரிகசிப்பதோ தர்மம்.

அந்தப் பரிகாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு: 1940-ல் ஹிட்லரைப் பரிகசித்துப் படமெடுத்த சார்லி சாப்ளினே, வதைமுகாம்களின் கோரத்தை அன்றே அறிந்திருந்தால் அதை எடுத்திருக்க முடியாது என்று 1964-ல் வெளியான தம் சுயசரிதையில் எழுதினார்.

ஆகவே, துயரப்பட்டவர் முதலில் சிரிக்கட்டும். அவர் சிரித்தால் கூடச் சிரிப்போம். அதுவரை நாவை அடக்கி, அவருக்கு வேண்டிய உதவியைச் செய்வோம்.