யாரை முதலில் ஐயுறுவது?

பாலிங்கிலிருந்து கோல கெட்டில் வழியாகச் சுங்கை பட்டாணிக்கு வரும் சாலையில், செம்பனைக் குலைகளை ஏற்றிய பழைய லோரிகளைக் காண்பது அரிதன்று. சமதரையில் ஒழுங்காக ஓடிவரும் லோரி மேடு கண்டதும் தளர்கிறது. ஓட்டுநர் மிதியை அடிவரை அழுத்துகிறார். எஞ்சினோ ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதுபோல் தயங்கி, அதன் பின்னரே இழுக்கிறது. சில வேளைகளில் இழுப்பதும் இல்லை. பின்னால் வரும் வண்டிகள் பொறுமையிழந்து ஒலியெழுப்புகின்றன. பட்டறைக்குப் போகுமுன்னரே, "எஞ்சின் முடிந்துவிட்டது" என்று தேநீர்க் கடையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இத்தீர்ப்பைப் பற்றியே ஈண்டு ஆராய விரும்புகிறேன். ஒன்று சரிவர இயங்காதபோது எதனை முதலில் ஐயுறுவது? அந்த ஐயத்திற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? இவை தொழில்நுட்ப வினாக்கள்போல் தோன்றினும், அடிப்படையில் அறவினாக்களே ஆகும்.

தொழில் தேர்ந்தவர் எடுத்த எடுப்பில் எஞ்சினைத் திறப்பதில்லை. கியர் போடாமல், சுமையின்றி அதனை முடுக்கிப் பார்ப்பார். ஒருவரை உள்ளே அமர்த்தி மிதியை முழுதும் அழுத்தச் சொல்லி, தாம் வெளியே நின்று எரிநெய்ப் பம்பின் நெம்புகோல் கடைசிவரை அசைகின்றதா என நோக்குவார். இணைப்புக் கம்பி தேய்ந்திருந்தால், மிதி தரையைத் தொட்டும் நெம்புகோல் பாதியிலேயே நின்றுவிடும். பின்னர்ச் சிறிது தூரம் ஓட்டி வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிடுவார். ஒன்று மட்டும் கொதிக்குமாயின் அங்கே பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது பொருள். எஞ்சின் பாவம், பிறர் குற்றத்தைச் சுமந்திருக்கிறது. எஞ்சினின் சுழற்சி ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிடில் கிளட்ச் வழுக்குகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் நாள்தோறும் ஓடும் லோரியின் காற்று வடிகட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

இவற்றுள் என் மனத்தை மிகக் கவர்ந்தது எரிநெய்த் தொட்டியின் மூடிதான். பல பழைய லோரிகளில் அம்மூடியில் சிறு காற்றுத் துளை ஒன்று உண்டு. எரிநெய் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியே உள்ளே செல்ல வேண்டும். சேறும் தூசியும் படிந்து துளை அடைபட்டுவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்பு எவ்வளவு முயன்று உறிஞ்சினாலும் எரிநெய் வேண்டுமளவு வராது. புறப்படும்போது நன்றாக ஓடும் வண்டி, சில கல் தொலைவு கடந்ததும் தளர்ந்துவிடும். நிறுத்தி மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உட்புகும் ஓசை கேட்கும். மூடி மீண்டும் இயங்கத் தொடங்கும் வண்டி மறுபடியும் சில கல் தொலைவு நன்றாக ஓடும். ஓர் ஊசியால் தீர்க்கத்தக்க இக்குறைக்காக எஞ்சினையே பிரித்துப் போடுவதும் உண்டு.

புகையும் ஒரு சாட்சி. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நெறியை விளக்கும் பகுதியைத் தமிழ் மாணவர் அறிவர். மலையில் புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதும், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகக் கூறுவதும் ஆங்கு வருகின்றன. லோரியின் புகை இதனினும் நுணுக்கமானது. கரும்புகை, உட்சென்ற காற்றுக்கு எரிநெய் மிகுதி என்கிறது. வெண்புகை, எரிநெய் எரியாமல் வெளியேறுகிறது என்கிறது. புகையே இல்லாமல் வலுவும் இல்லையெனில், எரிநெய் போதிய அளவு வந்து சேரவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஆயினும் கரும்புகை கண்டவுடன் காற்று வடிகட்டிதான் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கில்லை. சொட்டும் இஞ்செக்டரும், அளவுக்கு மீறிய சுமையும், பற்றிய பிரேக்கும் அதே புகையைத் தரக்கூடும். ஒரு விளைவுக்குக் காரணம் ஒன்றே என்று கொள்ளும் அவசரத்தைப் பழைய அளவை நூலார் கண்டித்ததன் அருமை பட்டறையில் நன்கு விளங்கும்.

பழைய பம்பு வகை டீசல் எஞ்சின்களில் இன்னொரு சோதனை உண்டு. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில், ஒவ்வோர் இஞ்செக்டருக்கும் செல்லும் குழாயின் திருகை ஒவ்வொன்றாகத் தளர்த்துவர். உழைத்துக்கொண்டிருந்த உருளையை நிறுத்தினால் எஞ்சினின் ஒலி மாறும். முன்னரே உழைக்காதிருந்ததை நிறுத்தினால் ஒலி மாறாது. ஒரே வேளையில் இரண்டைத் தளர்த்தினால் ஒன்றும் விளங்காது. வடிகட்டி, பம்பு, இஞ்செக்டர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, "சரியாகிவிட்டது" என்பவர் நோயைத் தீர்த்திருக்கலாம். ஆனால் நோய் எது என்பதை அவர் அறிந்தாரல்லர். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் அறிதலைத் தணிக்கும் வழிக்கு முன் வைத்தது வெறும் வரிசை அழகுக்காக அன்று.

இனிச் செலவுக்கு வருவோம். "இதை மாற்றிப் பார்ப்போம்" என்னும் சொல்லை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பார்ப்பவர் ஒருவர், வெள்ளி கொடுப்பவர் மற்றொருவர். ஒரே லோரியை நம்பிப் பிழைப்பவருக்கு அது நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலியற்ற நாள். அறுத்த குலைகள் ஆலைக்குச் சேரத் தாழ்ந்தால் எண்ணெயின் தரமும் கெடும். அனுமானம் செய்வது குற்றமன்று. அனுமானமின்றி எந்த ஆய்வும் இல்லை. ஆனால், அனுமானத்தை அறிவு என்று பெயரிட்டுப் பிறர் பணத்தில் சோதிப்பது, திறமைக் குறைவு என்பதைக் கடந்து, நேர்மைக் குறைவாகிவிடுகிறது என்பது என் கருத்து. எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் சோதிக்கும் முறை சோம்பேறித்தனம் அன்று. அது பிறர் பொருளுக்குக் காட்டும் மரியாதை.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் நாட்டு டீசலில் செம்பனையிலிருந்து பெறும் எரிநெய் 2011ஆம் ஆண்டு முதல் கலக்கப்பட்டு வருகிறது. போக்குவரத்துத் துறையில் 2019இல் அது 10 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வகை எரிநெய் பழைய தொட்டியின் அடியில் படிந்த கசட்டைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பவல்லது. செறிவு மிகுந்தால் இயற்கை ரப்பரையும் இளகச் செய்யும். கெடாவில் எத்தனையோ தோட்டங்களில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்ததை நம் முந்திய தலைமுறை கண்டது. அந்தச் செம்பனை எண்ணெய், லோரியின் குழாய்க்குள்ளும் ரப்பரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறது!

ஆசிரியர்கள் படிக்கும் தொகுப்பில் லோரியைப் பற்றி இத்துணை எழுதக் காரணம் உண்டு. வகுப்பறையிலும் தயங்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். கேள்வி கேட்டால் உடனே விடை வாராது. வாசிக்கச் சொன்னால் பாதியில் நிற்கும். "மந்தம்" என்னும் தீர்ப்பு விரைந்து வருகிறது. அஃதாவது, எஞ்சினே பழுது என்கிறோம். அப்பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகின்றதா, காது கேட்கின்றதா, காலையில் ஏதேனும் உண்டதா, தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கு வர எத்தனை மணிக்கு எழுந்தது என்பவை மூடியின் துளையைப் போன்ற சிறு வினாக்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்ற வழக்கத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1988 முதல் 2019 வரை நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வே பலருக்கு அதனை முடிவு செய்தது. அவ்வாண்டினால் மொழி வலுப்பெற்றவர்கள் உண்டு. ஆகவே அவ்வகுப்பை நான் பழிக்கவில்லை. ஆனால் குழாயில் இருந்த தடையை எஞ்சினின் குறையாகப் படித்த ஊராரும் உறவினரும், சில வேளைகளில் ஆசிரியரும் இருந்தனர். அனுமானத்தின் விலையாக அப்பிள்ளை கொடுத்தது தன்மதிப்பு.

ஒரு தடை எழலாம். பட்டறையில் ஒரு லோரி நிற்கிறது. வகுப்பிலோ முப்பது பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் இத்தனை சோதனை செய்ய நேரம் ஏது? தடை நியாயமானதே. முப்பது பேரையும் முழுமையாக ஆராய எவராலும் இயலாது. ஆனால் ஆராய நேரமில்லாதவர் தீர்ப்பையும் ஒத்திவைக்கலாம் அன்றோ? "தெரியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும்" என்று மதிப்பீட்டுப் பதிவில் எழுதுவதற்கு நேரம் மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. தயக்கம் தேவைப்படுவது அங்கேதான்.

மறுதலையாக, ஓயாது ஐயுறுவதும் தீங்கு. ஆராயாமல் தெளிதலையும் தெளிந்தபின் ஐயுறுதலையும் வள்ளுவர் ஒருசேரக் கண்டித்தார். சோதித்துச் சரியெனக் கண்ட பம்பை நாளை மீண்டும் கழற்றக்கூடாது. கண்ணாடி அணிந்தபின் நன்றாக வாசிக்கும் பிள்ளையைப் பழைய கடைசி வரிசையிலேயே அமர்த்தி வைத்திருப்பதும் அத்தகையதே.

நல்ல பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிய பாகத்தைப் பொருத்தியபின், கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் காட்டுவார்கள்: "இதோ, இங்கே வெடித்திருக்கிறது, பாருங்கள்." அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணுவார்.