தத்ரூபத்தின் கடன்

ஒரு பறவையை அச்சு அசலாக வரைந்துவிட்டால் அந்த உயிருக்கு உரிய மரியாதையைச் செலுத்தியாயிற்று என்று நம்பிவிடுகிறோம். பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1833-இல் வரைந்த பொன்னிறக் கழுகு அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது. வெள்ளை முயலைக் கால்களில் பற்றிக்கொண்டு கழுகு மேலெழுகிறது. ஒரு நகம் முயலின் கண்ணுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. இதற்கு வாட்டர்கலர் மட்டும் அவருக்குப் போதவில்லை. பாஸ்டல், பென்சில், மை எல்லாம் ஒரே தாளில் சேர்ந்தன. மெல்லிய இறகுக்குப் பாஸ்டலைத் தேய்ப்பதும், காய்ந்த வண்ணத்தின்மேல் பென்சிலை ஓட்டி இறகின் மினுமினுப்பைக் கொண்டுவருவதும் அவருக்குக் கைவந்த கலை. இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு, பார்க்கப்பட்ட உயிரிடம் கடன் ஏதும் உண்டா? உண்டு என்பதே என் எண்ணம். படம் எவ்வளவு தத்ரூபமோ அவ்வளவுக்கு அந்தக் கடன் கூடுகிறதே தவிர, தீர்வதில்லை.

இதற்குச் சாட்சி ஆடுபானே. பாஸ்டனில் அந்தக் கழுகை உயிரோடு விலைக்கு வாங்கினார். ஒரு நாள் முழுக்க அதன் அசைவுகளைக் கவனித்தார். மறுநாள் எந்தக் கோலத்தில் வரைவது என்று முடிவு செய்தார். மூன்றாம் நாள் வலியில்லாமல் எப்படிக் கொல்வது என்று யோசித்தார். மூடிய அறையில் கரிப்புகை போட்டும் கழுகு சாகவில்லை. கந்தகம் சேர்த்தும் சாகவில்லை. கடைசியில் நீண்ட கூரிய எஃகை நெஞ்சில் பாய்ச்சினார். அதைப் பறக்கவிடும் எண்ணம் தனக்கு வந்ததையும், அதுவே பெருந்தன்மையான செயல் என்பதையும், உருவத்தை வாசகருக்குக் காட்டுவதற்காக அதைக் கைவிட்டதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு நாள் முழுக்கப் பார்த்த பார்வையிலிருந்துதான் என்று நினைக்கிறேன். இறகையும் நகத்தையும் பிசகாமல் கண்ட அதே கண், இந்தப் பறவைக்கு இங்கிருந்து போக வேண்டும் என்பதையும் கண்டுவிட்டது. கண்டபின் காணாததுபோல் நடக்க முடியாது.

கேமரா இல்லாத காலம், வேறு வழி இருக்கவில்லை என்பார்கள். சுட்ட பறவைகளைக் கட்டம் போட்ட பலகையில் கம்பியால் நிறுத்தி வரைந்த மற்றப் படங்களுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கழுகு உயிரோடு எதிரிலேயே இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது அசையாத கழுகு. இரண்டாவது வாதம் கனமானது: அழிந்த இனங்களை நாம் இன்று அறிவதே இத்தகைய படங்களால் அல்லவா? கரோலினா கிளியை எடுத்துக்கொள்வோம். கடைசியாக அறியப்பட்ட கிளி 1918-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது; அதன் பச்சையும் மஞ்சளும் ஆடுபானின் தாளில் இன்னும் இருக்கின்றன. அதற்காக நான் உண்மையிலேயே நன்றி பாராட்டுகிறேன். ஆனால் சுடப்பட்டு விழுந்த கிளிகளை விட்டுப் போகாமல் கூட்டம் திரும்பத் திரும்ப வந்து வட்டமிடும் என்பதையும், அதனாலேயே சில வேட்டுகளில் கூடை நிறையக் கிடைத்தது என்பதையும், இனம் வேகமாகக் குறைந்துவருகிறது என்பதையும் எழுதியவரும் அவர்தான். நமக்குக் கிடைத்த பயன் நமக்குத்தான். கிளிக்கு அதில் எதுவும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

மிஞ்சுவது கலை ரசிகரின் வாதம்: படத்தைப் பார், படம் வந்த வழியைப் பார்க்காதே. இந்தப் படமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. மூலப் படத்தின் கீழ்ப்பகுதியில், பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தின்மேல் ஒரு குட்டி மனிதன் ஊர்ந்து போகிறான். அவன் முதுகில் கொன்ற கழுகு. அந்த மனிதன் ஆடுபானே என்று பலர் கருதுகிறார்கள். லண்டனில் ராபர்ட் ஹாவெல் செதுக்கிய அச்சுப் பதிப்பில் அந்த மனிதன் இல்லை. பறவையும் பனிமலையும் மட்டுமே உண்டு. இரண்டிலும் இறகுகள் ஒன்றுபோலத் துல்லியமானவை. ஆனாலும் உண்மை கூடுதலாக இருப்பது மூலத்தில்தான். கழுகு எப்படித் தாளுக்கு வந்தது என்பதை அது மறைக்கவில்லை.