எந்த உயிருக்கு அழுவது

ஆத்மா உண்டு என்பது ஹிந்து மதம், இல்லை என்பது பௌத்தம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாடப்புத்தகத்துக்கு இது போதும். ஆனால் ‘உண்டு’ என்கிற தரப்பினர் தங்களுக்குள் ஒத்துப்போகிறவர்கள் அல்ல. சங்கரருக்கு ஆத்மா ஒன்றே. பன்மை வெறும் தோற்றம். நையாயிகனுக்கு ஆத்மாக்கள் எண்ணற்றவை, அறிவுகூட அவற்றின் இயல்பு அல்ல, வந்து சேர்கிற ஒரு குணம். சைவ சித்தாந்தியின் உயிரோ சார்ந்ததன் வண்ணமாகிற ஒன்று. பௌத்தனை எதிர்க்கும்போது மட்டும்தான் இவர்கள் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள்.

முதல் இருவரும் அங்கே எடுக்கிற ஆயுதம் ஒன்றேதான்: நினைவு. நேற்றுக் கண்ணால் பார்த்த பழத்தை இன்று இருட்டில் கையால் தொட்டு ‘அதே பழம்’ என்கிறேன். கண் தொடவில்லை, கை பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து ‘அதே’ என்று சொல்வது யார்? ஒருவன் கண்டதை மற்றொருவன் நினைக்க முடியாதே. மெய்கண்டார் இன்னும் குறுக்கு வழியில் போகிறார். ‘இல்லை’ என்று ஒன்று சொல்கிறதல்லவா, அதுதான் உயிர் என்கிறார். எனக்கு இது எப்போதும் கொஞ்சம் வக்கீல்தனமாகவே பட்டிருக்கிறது.

பௌத்தனின் பதில் தெரிந்ததுதான். கிரேக்க அரசன் மிலிந்தனுக்கு நாகசேனர் விளக்கைக் காட்டுகிறார். முதல் ஜாமத்துச் சுடரும் கடைசி ஜாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. சரி, ஆள் மாறிவிட்டால் குற்றத்துக்குத் தண்டனை யாருக்கு? இதற்கு மாங்காய்த் திருடன் கதை. நீர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம் என்று அவன் வாதாடினால் அரசன் விட்டுவிடுவானா? நினைவும் அப்படியே ஒரு தொடர்ச்சிக்குள் எழுவது, விதையிலிருந்து பழம் வருவது போல. நடுவில் ஒரு முதலாளி தேவையில்லை என்பது வசுபந்துவின் வாதம்.

தர்க்கத்தில் பௌத்தன் தோற்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தத் தொடர்ச்சி, ஆத்மா பார்த்த வேலையையெல்லாம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் தீரவில்லை. பௌத்தத்துக்குள்ளேயே இந்தச் சந்தேகம் இருந்தது. ஸ்கந்தங்களும் அல்லாத, அவற்றிலிருந்து வேறும் அல்லாத ‘புத்கலம்’ ஒன்று உண்டு என்று ஒரு பிரிவினர் சொன்னார்கள். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது அவர்கள் இந்தியாவில் பெருந்தொகையினர். அவர்களை மறுக்கவே அபிதர்மகோசத்தின் கடைசி அத்தியாயத்தில் பெரும்பகுதி தேவைப்பட்டது.

தமிழில் இந்தச் சண்டை பெரும்பாலும் எதிராளியின் வாயிலிருந்தே நமக்குக் கிடைத்திருக்கிறது. குண்டலகேசி போய்விட்டது, அதை மறுத்த ஜைன நூலான நீலகேசி இருக்கிறது. செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவனா என்று அவள் கேட்கிறாள். அருணந்தியின் பரபக்கமும் பௌத்தனை நிற்கவைத்து மறுக்கிறது. எஞ்சியிருக்கும் பௌத்தக் குரல் மணிமேகலை. அது நிற்கும் இடம்தான் விசித்திரம்.

வஞ்சியில் அவள் பல சமயத்தாரிடம் கேட்டுக்கொண்டு வருகிறாள். கடைசியில் பூதவாதி மறுபிறப்பு இல்லை என்கிறான். அவள் சிரிக்கிறாள். எனக்கு என் முற்பிறப்பு தெரியும் என்கிறாள். தெய்வம் மயக்கியிருக்கும், கனவாயிருக்கும் என்று அவன் சொன்னதும், உன் தாய் தந்தையரை மட்டும் நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அபாரமான இடம். ஆனால் ‘எனக்கு நினைவிருக்கிறது’ என்பது நையாயிகனின் சாட்சியம். காவியத்தின் கடைசிக் காதைகளில் அவள் கேட்கப்போகும் பன்னிரண்டு நிதானங்களில் இந்த ‘எனக்கு’ வந்து உட்கார இடமே கிடையாது. சாத்தனார் இதைக் கவனிக்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. அளவைகளையும் போலிகளையும் காதை முழுக்க வகைபிரித்துச் சொல்லத் தெரிந்தவர் அவர்.

பிரச்சினை தர்க்கத்தோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கொலை என்று வரும்போதுதான் இது நம் வீட்டுக்குள் வருகிறது. கீதையில் அர்ச்சுனனுக்குக் கிடைக்கிற முதல் ஆறுதல், உடலில் இருப்பவன் கொல்லப்படுவதில்லை என்பது. எனவே வருந்தாதே, போர் செய். தீக நிகாயத்தில் பகுத கச்சாயனர் என்பவரின் கொள்கை ஒன்று வருகிறது: அழியாத ஏழு பொருள்களே உண்டு, வாள் அவற்றின் இடைவெளியில் புகுந்து போகிறது, கொன்றவனும் இல்லை, கொல்லப்பட்டவனும் இல்லை. பௌத்தர்கள் இதைப் பிழையான காட்சியாகத்தான் பதிவு செய்தார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஸென் துறவி தக்குவான், வாள்வித்தை ஆசான் யாக்யூ முனெனோரிக்கு எழுதும்போது, வெட்டுகிறவனும் சூன்யம், வாளும் சூன்யம், வெட்டப்படுகிறவனும் சூன்யம் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். நித்தியம் என்று தொடங்கினாலும் சூன்யம் என்று தொடங்கினாலும் வாளுக்கு வழி கிடைத்துவிடுகிறது. ஆத்மா அழியாது என்று கேட்டு வளர்ந்த மண்ணில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். ஆத்மா இல்லை என்று விகாரைதோறும் ஓதுகிற நாட்டில்தான் 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வீட்டு எண் பார்த்துத் தமிழர்களைத் தேடினார்கள். அன்று தேடியவர்களுக்கு யார் யார் என்பதில் தத்துவக் குழப்பம் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே எந்தக் கொள்கை சரி என்பதைவிட, ஒரு பிணத்தின் முன்னால் அது என்ன சொல்லுகிறது என்று பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உதயகுமரன் காஞ்சனன் வாளால் வெட்டுண்டு கிடக்கிறான். மணிமேகலைக்கு அவன் முற்பிறப்பில் கணவன் இராகுலன். அன்று அவனைப் பாம்பின் விஷம் கொன்றபோது தான் தீயில் விழுந்ததைச் சொல்லி அழுதுகொண்டு உடலை நெருங்குகிறாள். தூணில் இருக்கும் பாவை தடுக்கிறது. தடுத்துவிட்டு, அவனுடைய பழைய வினையைச் சொல்கிறது: துறவிக்கு உணவு சமைக்க வந்து, கால் இடறிக் கலங்களை உடைத்த மடையனை இராகுலன் வாளால் வெட்டியது. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் எனக்கு அந்த மடையனின் நினைப்பு போவதில்லை. அவனுடைய தொடர்ச்சி எங்கே போயிற்று என்று காவியத்தில் யாரும் கேட்கவில்லை.

பிறகு அரசி மணிமேகலையைச் சிறையில் வைக்கிறாள். செய்த கொடுமையெல்லாம் பலிக்காமல் போக, மகன் செத்த துக்கத்தில் செய்தேன் என்கிறாள். அப்போது மணிமேகலை கேட்கிறாள்: அவன் அன்று விஷத்தால் செத்தபோது நீ எங்கே இருந்து அழுதாய்? இப்போது அழுதது உடலுக்கா உயிருக்கா? உடலுக்கென்றால் அதை ஈமத்தில் வைத்தவர்கள் யார்? உயிருக்கென்றால், அது எங்கே புகுந்தது என்று உனக்குத் தெரியாது. அந்த உயிர்மேல் அன்பு இருந்தால் எல்லா உயிருக்கும் நீ இரங்கியாக வேண்டும்.

உடல் வேறு, உயிர் வேறு என்பது கீதையும் தொடங்குகிற இடம்தான். அங்கிருந்து கீதை, அழ வேண்டியதில்லை என்று போகிறது. மணிமேகலை, அழுகையை எங்கே நிறுத்துவது என்று உனக்குத் தெரியாது என்று போகிறாள். முகவரி தெரியாததால் கருணை எல்லா வாசலுக்கும் போக வேண்டியிருக்கிறது. இந்த ஓர் அடியைப் பௌத்தம் மட்டுமே எடுத்து வைத்தது என்று சொல்லமாட்டேன். எல்லா உயிரிலும் தன்னைக் காணச் சொல்லும் உபநிஷதமும் உண்டு. ஆனால் அங்கே மற்றவன் நானாக இருப்பதால் நேசிக்கிறேன். இங்கே அவன் யார் என்று தெரியாமலே இரங்குகிறேன். எனக்கு இரண்டாவதுதான் கடினமாகவும், அதனாலேயே கௌரவமாகவும் தோன்றுகிறது.

கேட்ட அரசி மணிமேகலையைத் தொழுகிறாள். மணிமேகலையால் அதைப் பொறுக்க முடியவில்லை. நீ இதைச் செய்வது தகாது, நீ அரசனின் தேவி, என் காதலனைப் பெற்றவள் என்று சொல்லி, அவளை எதிர் வணங்குகிறாள்.