பயணம் தடைப்பட்டால்...



உம்ராவுக்குப் புறப்படும் நம் மக்கள் பாஸ்போர்ட்டை மறப்பதில்லை, விசாவை மறப்பதில்லை, ஊறுகாய்ப் பொட்டலத்தைக்கூட மறப்பதில்லை. வழியில் தடை ஏற்பட்டால் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை.

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் எழுந்து, செங்கடலைத் தாண்டி, யமன், ஓமான் வழியாக மறுநாளே குஜராத், டெல்லி வானத்தை எட்டியது. நம் நாட்டு விமானங்கள் பல ரத்தாயின. ஆகாசா ஏர் நிறுவனம் 24, 25 தேதிகளில் ஜித்தா விமானங்களையும் நிறுத்தியது.

"சாம்பலுக்குப் பயப்படுவதா? அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுப் பறக்க வேண்டியதுதானே!" என்பார் சிலர். அது நம் அடுப்புச் சாம்பல் அன்று. தூளாகிப்போன பாறையும் கண்ணாடியும் ஆகும். எஞ்சின் சூட்டில் உருகி, உள்ளே ஒட்டிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். 1982 ஜூன் 24 அன்று கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவா எரிமலையொன்றின் சாம்பலில் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கீழிறங்கிய பின் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற, அல்லாஹ்வின் கிருபையால் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்றுத் தந்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கொள்ளைநோய் பரவியிருந்த ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் படையோடு திரும்பினார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். பொம்மையார்பாளையத்து மீனவர் காற்றின் குறி பார்த்துப் படகைக் கரையேற்றுகிறார். அவரைக் கோழை என்போமா?

தடை கண்டு மனம் உடைபவர்கள் ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6-இல் ஏறத்தாழ 1,400 தோழர்களோடு இஹ்ராம் அணிந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், மக்காவின் வாசல்வரை போய்த் தடுக்கப்பட்டார்கள். துக்கத்தால் தோழர்கள் அசையாமல் நின்றபோது, உம்மு ஸலமா (ரலி) அவர்களின் யோசனைப்படி தாமே முதலில் குர்பானி கொடுத்து, தலைமுடி களைந்தார்கள். மறு ஆண்டு உம்ரா நிறைவேறியது. தடை என்பது நிராகரிப்பு அன்று.

இனிச் சில சட்டங்களைக் கவனியுங்கள்.

குளித்து, வீட்டிலேயே இஹ்ராம் துணி உடுத்திக்கொள்ளலாம். துணி உடுத்துவது இஹ்ராம் ஆகிவிடாது, நிய்யத்துதான் இஹ்ராம். ஆகவே ஜித்தா செல்வோர் விமானம் புறப்பட்ட பின், மீக்காத் எல்லையைக் கடக்குமுன் நிய்யத்துச் செய்து தல்பியா கூறட்டும். அதற்குமுன் விமானம் ரத்தானால், துணியை மாற்றிக்கொண்டு வீடு திரும்பலாம்; குற்றமில்லை.

முன்பே நிய்யத்துச் செய்துவிட்டவர் பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டதால் இஹ்ராமிலிருந்து வெளியேறிவிட மாட்டார். நறுமணம் பூசுதல், முடி களைதல் போன்ற விலக்கல்கள் எல்லாம் நீடிக்கும். அடுத்த விமானம்வரை பொறுத்திருக்க வேண்டும். வழி முற்றிலும் அடைபட்டால் விடுபடும் முறையில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமைக் கேட்டே செயல்படுங்கள்.

நம் கரையிலிருந்து சென்னை விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். இன்று பறக்குமா, நாளை பறக்குமா என்று அங்கே காத்திருப்பவர் முசாஃபிர். நான்கு ரக்அத்துத் தொழுகைகளைக் கஸ்ராகத் தொழலாம். கவலையில் வக்து தவறவிடாதீர்கள்.

ரத்தான விமானத்துக்குப் பணத்தையோ மாற்று விமானத்தையோ கேட்பது உங்கள் ஹக்கு, கேளுங்கள். ஆனால் கவுண்ட்டரில் நிற்கும் பிள்ளையை ஏசுவது உங்கள் ஹக்கு அன்று. எரிமலையை அந்தப் பிள்ளை வெடிக்க வைக்கவில்லை. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறவன் நாவினால் அவனுடைய அடியாரைப் புண்படுத்திவிட்டுப் போகலாமா?

மரக்காணத்து உப்பளத்தைப் பாருங்கள். விளைந்த உப்பை வாருமுன் ஒரு மழை கொட்டினால் எல்லாம் கரைந்துபோகும். தொழிலாளி பாத்தியை விட்டு ஓடிவிடுவதில்லை. வெயில் வந்ததும் மறுபடி நீர் பாய்ச்சுகிறார். ஹலாலான ரொட்டிக்கே இத்தனை ஸப்ரு வேண்டுமென்றால், கஃபாவைக் காண எத்தனை ஸப்ரு வேண்டும்!

"நாளை போகிறேன்" என்று சொல்லும்போது "இன்ஷா அல்லாஹ்" என்பதை உள்ளத்தாலும் சொல்வோமாக! தடைப்பட்ட ஹாஜத்துகளையெல்லாம் வல்ல ரஹ்மான் நிறைவேற்றி வைப்பானாக! ஆமீன்.