கொதிநீரின் சிமுலேஷன்: காண்டலா, கருதலா?

அறிவுக்கு வழியாகச் சைவ சித்தாந்தம் காண்டல் (நேரில் அறிதல்), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என மூன்று அளவைகளைக் கொள்கிறது. நீர் கொதிப்பதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் சிமுலேஷன் இவற்றுள் எதைச் சேரும்? திரையில் குமிழி அரும்பிப் பெருத்துச் சுவரை விட்டு எழும்போது, அது காண்டலாகவே தோன்றும். ஆனால் அங்கே நீரும் இல்லை, வெப்பமும் இல்லை.

இருப்பவை சமன்பாடுகள். பொருண்மை, உந்தம், ஆற்றல் ஆகியவை அழிவதில்லை என்பதே அவற்றின் அடிப்படை. இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் பங்கைக் கணக்கில் வைக்கும் முறையை ஹர்ட், நிக்கோல்ஸ் இருவரும் 1981இல் வெளியிட்டனர். 100 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கன அளவு சுமார் 1,600 மடங்காகும். இத்தனை மாற்றமும் நீரும் ஆவியும் தொடும் மெல்லிய எல்லையில் நிகழ்வதால், அங்கு நேரும் சிறு பிழையும் கணக்கைக் குலைத்துவிடும். இப்படி விதியிலிருந்து விளைவை அறிவதால், சிமுலேஷன் கருதலளவை.

இக்கருதல் தனித்து நிற்பதில்லை. குமிழிகள் பெரும்பாலும் சுவரின் நுண்குழிகளில் சிக்கிய காற்றிலும் ஆவியிலும் பிறக்கின்றன. அக்குழிகளின் அளவையும் எண்ணிக்கையையும் சமன்பாடுகள் சொல்வதில்லை. குமிழியின் அடியிலுள்ள நீர்ப்படலமோ சில மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது. பெரும்பாலான கணக்குகளின் கட்டங்களுக்குள் அது அடங்காது. பொறியியல் கணக்குகள் இவற்றைச் சோதனையில் அளந்தவர்களிடமிருந்து பெறுகின்றன. ஆக, கருதலுக்குள் பிறர் காண்டலும் அவர்கள் உரையும் கலந்திருக்கின்றன.

பிறரிடம் பெறும் இந்த எண்களில்தான் பிழைக்கு இடம்; அப்பிழையின் விலையும் பெரிது. ஜப்பானில் நுகியாமா 1934இல் நீரில் மூழ்கிய கம்பியில் மின்சாரத்தைக் கூட்டிச் சென்றார். ஓர் எல்லையைத் தாண்டியதும் ஆவிப்படலம் கம்பியைப் போர்த்தியது. வெப்பம் எளிதில் வெளியேற முடியாமல் அதன் வெப்பநிலை திடீரென எகிறியது. சாதாரண வளியழுத்தத்தில் நீருக்கு அந்த வெப்பப் பாய்வு எல்லை சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு மெகாவாட். அணு உலையின் எரிபொருள் கோல்கள் இத்தகைய எல்லையைத் தாண்டாமல் காப்பது பாதுகாப்பின் முதல் விதிகளுள் ஒன்று. அந்த எல்லையைக் கணிக்கும் சிமுலேஷனில், ஒரு சோதனைக்குப் பொருந்துமாறு எண்களைத் திருத்திவிட்டு, அதே சோதனையைச் சான்றாகக் காட்டுவது ஏதுப்போலி. நிறுவ வேண்டியதையே அங்கு ஏதுவாக்கிவிடுகிறோம்.

புதிய அழுத்தத்திலும் புதிய பரப்பிலும் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லி, அது சோதனையில் தேறும்போதுதான் சிமுலேஷன் நம்பத்தக்க அறிவாகிறது. கண்ணுக்கு எட்டாததை அது விளக்கும், காண்டலுக்கு மாற்றாகாது. உயிர்கள் அதை நம்பியிருக்கும் இடத்தில், எந்தச் சோதனைகளில் தேறியது என்று கேட்காமல் எந்தக் கணக்கையும் ஏற்கக் கூடாது.