எந்தப் பொறுமை?

பேச்சு சரியாக வராத, அல்லது எத்தனை சொல்லிக்கொடுத்தும் எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளையை அழைத்துக்கொண்டு வாப்பா பள்ளிக்கூடம் போகிறார். "இவனுக்கு இங்கே சரிவராது, வேறிடம் பாருங்கள்" என்கிறார்கள். திரும்பி வருகிறார். மஹல்லாவில் அவருக்குக் கிடைக்கும் ஆறுதல் ஒன்றே: "ஸபுர் செய்யுங்கள், அல்லாஹ்வின் நாட்டம்."

பிள்ளையை இவ்வாறு படைத்தவன் அல்லாஹ். அதைப் பொருந்திக்கொள்வது ஈமான். ஆனால் வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பியவர் மனிதர். அவர் செய்த அநீதிக்கும் நாட்டம் என்று பெயர் சூட்டிப் பேசாதிருப்பது எந்த வகைப் பொறுமை?

கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். கணவர், 'நீ என் தாயைப் போன்றவள்' என்று சொல்லி அவர்களை விலக்கிவிட்டார். அறியாமைக் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. நம் தலைவிதி என்று அந்த அம்மையார் முடங்கிவிடவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். சாதகமான பதில் கிடைக்காதபோதும் எழுந்து போகாமல், சின்னஞ்சிறு பிள்ளைகளின் கதியைச் சொல்லி வாதாடினார்கள், அல்லாஹ்விடம் அழுதார்கள். அந்த முறையீட்டை அல்லாஹ் செவியேற்றான் என்ற செய்தியோடுதான் திருமறையின் 58ஆவது அத்தியாயமே தொடங்குகிறது. வாதாடியதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. அந்த வழக்கம்தான் கண்டிக்கப்பட்டது.

சிலர் மார்க்கச் சட்டத்தையே எடுத்து வைப்பார்கள். "புத்தி தெளியாதவன் மீது கடமையில்லை, எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது, அவனுக்குப் படிப்பு எதற்கு?" உயர்த்தப்பட்டது பிள்ளையின் கணக்கிலிருந்து. வாப்பா, உம்மாவின் கணக்கிலிருந்து அல்லவே!

நம் நாட்டுச் சட்டமும் கேட்பவருக்குக் கைகொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளைக் கணக்கில் எடுக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கூடங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பது 16ஆவது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை 17இல் வருகின்றன. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அருகிலுள்ள பள்ளிக்கூடத்திலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ. இது 31ஆவது பிரிவு. ஆகவே மறுப்பை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இங்கேதான் நம் வீடுகள் பின்வாங்குகின்றன. அக்காளுக்குச் சம்பந்தம் பேசும்போது தடையாகுமே என்று தம்பியின் குறையை மூடி வைக்கிறோம். ஒரு பிள்ளையின் மாப்பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் ஹக்கை விற்பது இது; இதைவிட மென்மையான சொல் நமக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தாரிடம் நியாயம் கேட்கும் நாம் மக்தபையும் பார்க்க வேண்டும். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) மதீனாவில் பாங்கு சொன்னவர்கள். பெருமானார் (ஸல்) வெளியூர் சென்ற சமயங்களில் மக்களுக்குத் தொழவைத்தவர்கள். நம் மக்தபிலோ, அலிஃப் சொல்லத் திணறும் பிள்ளை ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். உஸ்தாதைக் குறை கூறிப் பயனில்லை. அறை நிறையப் பிள்ளைகளை அவர் ஒருவரே பார்க்கிறார். பள்ளிவாசலுக்கு இரண்டாவது மினாரா எழுப்ப வசூலிக்கும் ஜமாஅத், இத்தகைய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து ஓதிக்கொடுக்க ஒரு துணை உஸ்தாதுக்குச் சம்பளம் போடலாம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் முத்தவல்லியிடம் இதை யாராவது எழுந்து கேளுங்கள்.