கிணற்று நீர் யாருடையது?

நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் சிவபெருமானுக்கு மூர்த்தங்களாம் என்பது நம் சமயத் துணிபு. திருவானைக்காவிலே இறைவன் அப்புலிங்கமாய் எழுந்தருளியிருத்தலும், கீரிமலைத் தீர்த்தத்தில் நாம் மூழ்கிப் பிதிர்கடன் செய்தலும் நீரின் தூய்மையை நமக்கு உணர்த்துவன. இங்ஙனம் தீர்த்தத்தை வணங்கும் நாம், வீட்டுக் கிணற்று நீரை எங்ஙனம் நடத்துகின்றோம் என ஆராய்தல் முறையாகும்.

"என் காணியிலுள்ள கிணறு என்னுடையது, அதன் நீரும் என்னுடையது, வேண்டியமட்டும் இறைப்பேன்" என்பதே சனங்களிற் பலருடைய எண்ணம். இது தகுமா? தகாது. என்னை?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமக்கு முதற்பொருள். அது சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களினூடே இறங்கி, கனங்குறைந்தமையால் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குச் சான்று. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கணக்கு. மேலே அவ்வோரடி குறையின், காலக்கிரமத்தில் உவர் அத்துணையும் மேலேறும். துலாவால் இறைத்த காலத்தில் உடலின் களைப்பே இறைப்புக்கு அளவாயிருந்தது. இயந்திரமோ களைப்பறியாது, ஆதலின், இக்காலத்தில் மனச்சாட்சியே அளவாதல் வேண்டும்.

இனி, நிலத்தடி நீர் வேலியை அறியாது. எல்லைக்கல் மண்ணுக்கு நாட்டப்பட்டதேயன்றி நீருக்கு நாட்டப்பட்டதன்று. ஒருவருடைய மலசலகூடக் குழியின் கசிவு அயலவர் கிணற்றைச் சேரும். வெங்காயத் தோட்டத்தில் மிதமிஞ்சி இட்ட செயற்கைப் பசளை நைத்திரேற்றாய் இறங்கிக் குடிநீரிற் கலக்கும். 1 லீற்றர் நீரில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மேற்படின், பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலியை இழத்தல் கூடும். சுன்னாகத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, அசுத்தஞ் செய்தவரே அதன் செலவை இறுத்தல் வேண்டும் என்னும் நியாயம் பற்றி 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்தது. நீதிமன்றம் பெருங்கேட்டையே விசாரிக்கும். வீடுதோறும் நிகழும் சிறுகேட்டை விசாரிப்பார் யார்?

ஒருவர் கிணற்றில் மற்றொருவர் அள்ளலாகாதெனச் சாதி பற்றித் தடுத்த கொடுமையும் நம் நாட்டில் நிகழ்ந்தது. மேலே தடுத்தோர் கிணற்றிலும் தடுக்கப்பட்டோர் கிணற்றிலும் கீழே ஊறியது ஒரே நீர். இதனை உணர்ந்தவர்க்கு "என் நீர்" என்னும் சொல் நாவில் எழாது. கிணற்றுக்கு உடையவர் நீருக்குக் காவலரே.

"இவற்றையெல்லாம் அரசினர் செய்க" என்பாரும் உளர். அரசினர் கடமை பெரிது, மறுக்கின்றிலேம். ஆயின், ஒவ்வொரு கிணற்றுக்கட்டிலும் அரசினர் காவல் நிற்றல் இயலாது. "இறையாவிடில் தோட்டஞ் செய்வோர் பிழைப்பதெங்ஙனம்?" என்பது அதனினும் வலிய வினா. இறைத்தலை நாம் விலக்குகின்றிலேம், மிகையையே விலக்குகின்றேம். கடும்வெயிலில் இறையாது காலை மாலைகளில் இறைத்தலும், தூர்ந்த குளங்களைத் தூர்வாரி மாரிநீரை நிலத்தினுட் புகவிடுதலும் பிழைப்பைக் கெடுப்பன அல்ல, காப்பனவே.

சைவப் பாடசாலை ஆசிரியர்காள்! சமயபாடத்தில் நீரை இறைவன் திருமேனியென்று கற்பிக்கின்றீர்கள். அப்பாடத்தைப் பாடசாலைக் கிணற்றடிக்கும் கொண்டுசெல்லுங்கள். கயிற்றிற் கல்லைக் கட்டி, நீர்மட்டத்தை மாதந்தோறும் மாணாக்கர் அளந்து குறிக்கட்டும். மாரியில் ஏறுவதையும் கோடையில் இறங்குவதையும் தாமே காணட்டும். தத்தம் வீட்டுக் கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துவரட்டும். வாரம் ஒருநாள் கோயிற் கேணியைச் சுத்தஞ் செய்யட்டும். அதுவே சரியைத் தொண்டாம்.

குளந்தொட்டார்க்குப் புண்ணியம் உண்டென்பதை நம்மவர் நன்கறிவர். தொட்ட குளத்தையும் கிணற்றையும் கெடாது காத்தார்க்கும் அப்புண்ணியம் உண்டு. அறியாது கெடுத்தவர்க்கு அறியாமையேனும் சமாதானமாகும். அறிந்தபின் கெடுப்பார்க்குச் சமாதானம் யாது?